பம்பு வீட்டுச் சம்பலுக்கு யார் பெயர் போடுவது

என் மகள் இணையத்தில் ஒரு வலைப்பூ வைத்திருக்கிறாள். அதில் சமையல் குறிப்புகள் எழுதுகிறாள். போன வாரம் எங்கள் வீட்டு நெத்திலிச் சம்பலை எழுதி முடித்துவிட்டு, "அப்பா, கடைசியில நன்றின்னு ஒரு வரி போடணும். யார் பேரைப் போட?" என்று கேட்டாள். அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள்.

"அதை உங்கப்பாகிட்ட கேளு. அதுல அவருக்கு நல்ல அனுபவம்" என்றாள்.

மகளிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. ஆரம்பித்தாலே காது சூடாகிவிடுகிறது. எழுதித் தருகிறேன் என்றேன். ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், இருந்தாலும் எழுத்து எனக்குப் பேச்சைவிடச் சுலபம். இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒரு பெயரை எழுதினால் மற்றவர்கள் சும்மா விட மாட்டார்கள் என்று எனக்கு அனுபவம் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு சீனர் காப்பிக்கடையின் முன்பக்கத்தில் எனக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுத் தள்ளுவண்டி இருந்தது. காப்பி, தேநீர் எல்லாம் கடை முதலாளியுடையது. அவரை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். காலையில் நாசி லெமாக், இட்லி, அவித்த மரவள்ளிக்கிழங்கு, இதெல்லாம் என்னுடையது. நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் சோறு எனக்கு நன்றாக வரும். வராதது இரண்டு. ஒன்று சம்பல். இன்னொன்று பேச்சு.

பக்கத்துக் கடைகளில் எல்லாரும் கூவிக் கூவி ஆட்களை இழுப்பார்கள். நான் வாழையிலையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். யாராவது "என்னா இருக்கு?" என்று கேட்டால் பானையின் மூடியைத் திறந்து காட்டுவேன். சின்ன வயதில் மலேரியாத் தடுப்பு ஆட்களுக்குச் சமைத்த தகப்பனோடு தோட்டம் தோட்டமாகச் சுற்றித் தமிழ் கற்றுக்கொண்டவர் தவுக்கே. அவருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நீ வாய் தொறக்க மாட்டே. வியாபாரம் எப்பிடிலா?" என்று சொல்லி, ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து என் வண்டியில் சாய்த்து வைத்தார். "பேச வேணாம். எழுது."

அன்றிலிருந்து எனக்கு வாய் வந்தது. 'இட்லி சூடு' என்று எழுதினேன். 'இன்று கிழங்கு மாவு மாதிரி வெந்திருக்கிறது' என்று எழுதினேன். 'சோறு தீர்ந்தது, மன்னிக்கவும்' என்று எழுதினேன். சிலர் பலகையைப் படிப்பதற்கென்றே வந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. சாக்குக்கட்டியை எப்போதும் காதில் செருகி வைத்திருப்பேன்.

சம்பல் மட்டும் பலகையில் ஏறவில்லை. ஏற்றும்படி அது இல்லை. கோலா கங்சார் போகும் வழியில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து என் அம்மா ஒருநாள் கடையைப் பார்க்க வந்து, சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். தோட்டத்தில் போய் என்ன சொன்னாரோ, அடுத்த வாரமே ஒரு பிஸ்கட் டின் நிறையச் சம்பல் வந்து சேர்ந்தது. ரப்பர்ப் பாய் ஏற்றி ஈப்போவுக்கு வரும் தோட்டத்து லாரியில், டிரைவர் அண்ணன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

"இந்தாடா, எங்க வீட்ல குடுத்தாங்க. உங்க அக்கா செஞ்சது" என்றார்.

டிரைவர் அண்ணன் வீடு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசியில், தண்ணீர்ப் பம்பை ஒட்டி இருந்தது. அதனால் அது பம்பு வீடு. அவருடைய மனைவி பம்பு வீட்டு அக்கா. தோட்டம் முழுக்கக் கேட்கும் குரல், தோட்டம் முழுக்கக் கொடுக்கும் கை. அவருக்கு ஒரு தங்கை, பெற்றோர் இறந்த பிறகு அக்கா வீட்டிலேயே இருந்தாள். விடிவதற்குள் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போய் மத்தியானம் திரும்புவாள். அவளைப் பற்றி இப்போதைக்கு இது போதும். எழுதும்போதே காது சூடாகிறது.

அந்தச் சம்பலைச் சோற்றில் வைத்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. மிளகாய் எரித்தது, ஆனால் கோபம் இல்லாமல் எரித்தது. நெத்திலி மொறுமொறுவென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு புளிப்பு மெதுவாக வந்து நின்றது. ஆட்கள் இலையை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள். எல்லாரும் கேட்ட அடுத்த கேள்வி, "யார் செஞ்சது?"

ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பலகை இருக்கும்போது எதற்குக் கவலை? கொட்டை எழுத்தில் எழுதினேன்:

பம்பு வீட்டு அக்கா சம்பல்

அடுத்தவர் கைப்பக்குவத்தை என் பெயரில் விற்பது எனக்குப் பிடிக்காது. எழுதி முடித்துப் பார்த்தபோது மனம் நிறைந்திருந்தது. சரியான ஆளுக்குச் சரியான மரியாதை செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

செய்தி லாரியிலேயே தோட்டத்துக்குப் போனது. மறுவாரம் அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கல்யாண வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். பலகையைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் பலகையைக் காட்டி, "இதான் நான்" என்றார். தவுக்கே அவருக்குக் காப்பி கொடுத்து உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் பலகையும் அவரும் சேர்ந்து தெரிய மாட்டார்களாம்.

அவருக்குப் பின்னால் தங்கையும் வந்திருந்தாள். பலகையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஓஹோ" என்றாள்.

அவ்வளவுதான். அதுவரை அவள் என்னிடம் பேசிய பேச்சிலேயே பெரியது அதுதான். நான் ஒரு வாரம் அந்த 'ஓஹோ'விலேயே குடியிருந்தேன். இட்லி ஊற்றும்போது ஓஹோ. இலை நறுக்கும்போது ஓஹோ. நல்ல ஓஹோ என்றே முடிவு கட்டினேன். காரணம் இருந்தது. என் அம்மா பம்பு வீட்டில் சாடைமாடையாக எனக்காகப் பேசியிருந்தார். அக்காவுக்கு முழுச் சம்மதம். தீபாவளி முடிந்ததும் வரும் வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கோடு பெண் கேட்கப் போவதாகப் பேச்சு. தங்கை மட்டும் இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. "அவ யோசிக்கிறா" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.

வெறும் டின்னைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு முறையும் டின்னைக் கழுவிக் காயவைத்து, மெங்லெம்பு ஊர் வேர்க்கடலையை அதில் நிரப்பி அனுப்புவேன். பொறுக்கிப் பொறுக்கி நல்ல கடலையாகப் போடுவேன். யார் உரித்துத் தின்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போடுவேன்.

இப்படிப் பறந்துகொண்டிருந்தவனைத் தரையில் இறக்கியவர் ரயில்வே அலுவலகத்துக் கிளார்க் ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு. தினமும் சாப்பிட வருவார். தன் மனைவிக்காகச் சம்பல் செய்முறையைக் கேட்டார். நான் டிரைவர் அண்ணனிடம் சொல்லி விட்டேன். அக்கா சொல்லிவிட்டதை அவர் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தார். மிளகாய் இவ்வளவு, வெங்காயம் இவ்வளவு, புளி ஒரு எலுமிச்சை அளவு. கிளார்க் ஐயாவிடம் அப்படியே சொன்னேன்.

மறுநாள் அவர் வந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, உம்மட அக்கா சொன்ன மாதிரியே என்ர மனுசி செய்தவ. வாயில வைக்கேலாமல் கிடக்கு."

மறுபடி கேட்டனுப்பினேன். அக்கா புளியைக் கூட்டச் சொன்னார். அது இன்னும் மோசமாக வந்தது. மூன்றாவது முறை சீனி போடச் சொன்னார். கிளார்க் ஐயா வீட்டில் அன்று சண்டையே வந்துவிட்டதாம்.

"பேரைப் பலகையில போட்டால் போதாது, தம்பி. போட்ட பேருக்குச் செய்முறை தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது விளையாட்டாகப் படவில்லை.

கடைக்கு விடுமுறை விட்ட திங்கள்கிழமை, பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். நேரே அக்காவிடமே கேட்டுவிடுவது என்று எண்ணம். மத்தியான வெயில். பம்பு வீட்டுப் பின்பக்கம், குளியலறைத் தகரக் கூரையில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் மேல் தங்கை. கூரையில் ஒரு முறம். முறத்தில் நீளவாக்கில் கீறி உப்புத் தடவிய பிலிம்பிங் காய்கள். விரல் நீளத்தில் பச்சையாக, மரத்தோடு ஒட்டிக் காய்க்குமே, கடித்தால் கண்ணை மூடவைக்குமே, அந்தப் புளிக்காய். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூக்குக்கு அப்போதே விளங்கிவிட்டது. அந்தப் பின்னால் வந்து நிற்கிற புளிப்பு.

அவள் திரும்பிப் பார்த்தாள். இறங்கவில்லை.

"யாரைத் தேடுறீங்க? பம்பு வீட்டு அக்காவையா? உள்ளதான் இருக்காங்க. போயி கும்பிட்டுக்குங்க."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழாமல் இருக்க என்று அவள் நினைத்திருக்கலாம். நான் விழாமல் இருக்கத்தான்.

"சம்பல்... நீங்களா?" என்றேன்.

"பின்ன? அக்காவுக்குச் சம்பல் வைக்க எங்க நேரம் இருக்கு? ஊர்க்கதை பேசவே பொழுது பத்தல."

"அண்ணன்... அக்கா செஞ்சதுன்னு..."

"அப்படித்தான் சொல்வாங்க. வீட்டுலேர்ந்து எது போனாலும் மூத்தவங்க பேர்லதான் போகும். அது வழக்கம். எனக்கு அதுல கோபம் கிடையாது." ஒரு காயைத் திருப்பிப் போட்டாள். "ஆனா இங்கேர்ந்து வந்ததை ஈப்போ டவுன்ல கொட்டை எழுத்துல எழுதினது நீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உண்மைதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? என் அம்மா சுட்ட முறுக்கெல்லாம் என் பெரியம்மா பெயரில்தானே போனது. தெரிந்தும் அதைப் பலகையில் அப்படியே ஏற்றியிருக்கிறேன். இப்போது 'ஓஹோ' எந்த ஓஹோ என்பதும் தெரிந்துவிட்டது.

"கடலை நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கடலையா? டின்னு வாசல் தாண்டி உள்ள வந்தாதானே? லாரியிலேயே எங்க மாமா முடிச்சிடுவாரு."

அவள் சிரித்தாள். முறம் ஆடியது. ஒரு புளிக்காய் உருண்டு என் தலையில் விழுந்தது. நான் அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருப்பேன், அவள் மேலே பேசாமல் இருந்திருந்தால்.

"உங்கம்மா வெள்ளிக்கிழமை வாரதா பேச்சு. வரட்டும். அதுக்கு முன்னால போர்டைச் சரி பண்ணுங்க. செஞ்சவ பேரைச் சொல்லத் தெரியாத ஆளோட நான் எப்படிலா குடும்பம் நடத்துறது?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பாட்டு வந்தது. திட்டு வாங்கியவனுக்கு ஏன் பாட்டு வர வேண்டும்? அவள் 'குடும்பம் நடத்துறது' என்று சொல்லியிருந்தாள். எப்படி நடத்துவது என்றுதான் கேட்டாள், நடத்த மாட்டேன் என்று சொல்லவில்லையே. சுண்ணாம்புமலைகள் ஜன்னலில் ஓடின. எல்லா மலையும் எனக்குத் தெரிந்தவர்கள் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் சாக்குக்கட்டியை எடுத்தபோதுதான் சிக்கல் புரிந்தது. கல்யாணமாகாத பெண்ணின் பெயரைக் காப்பிக்கடைப் பலகையில் எப்படி எழுதுவது? பஸ்ஸுக்கு நிற்கிறவன், போகிறவன், வருகிறவன் எல்லாம் வாய்விட்டுப் படிப்பான். தோட்டத்தில் தெரிந்தால் என்ன பேச்சு வரும்? பெயரை எழுதாமல், செய்தவள் அவள்தான் என்று தெரிய வேண்டும். யோசித்து யோசித்து, அக்காவின் பெயரை அழித்துவிட்டு எழுதினேன்:

பம்பு வீட்டுத் தங்கச்சி சம்பல்

கோப்பெங் பஸ்ஸுக்குக் காத்திருந்த பையன்கள் அதைப் பார்த்தார்கள்.

"அண்ணே, தங்கச்சி எப்ப கடைக்கு வரும்?"

"மச்சான், தங்கச்சி சம்பல் ரெண்டு பொங்குஸ் கட்டுங்க! காரமா இருக்குமாலா?"

நான் ஓடிப்போய்க் கையாலேயே அழித்தேன். கிளார்க் ஐயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, கட்டப்போற பிள்ளையைத் தங்கச்சி எண்டு ஊருக்கே எழுதிக் காட்டினால், பிறகு முறை மாறிப் போகுமல்லோ" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீர் காலையிலேயிருந்து இட்லியைப் பார்த்துச் சிரிக்கிறீர்" என்றார்.

அதன்பிறகு பலகையில் 'சம்பல்' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லாத சம்பலைப் பார்த்து எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது.

"அக்காவுக்கு என்னாச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"ஐயோ, இருக்காங்களா, போயிட்டாங்களா?"

ஒரு வயதான அம்மா பலகை முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் "இருக்காங்க, இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே சோறு கட்டினேன். அந்தச் செய்தியும் லாரியில் போனது. மறுநாள் டிரைவர் அண்ணன் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார்.

"உங்க அக்கா கேக்கச் சொன்னா. எம் பேரு என்னா பாவம் பண்ணிச்சுன்னு கேக்கச் சொன்னா. நேத்து ராத்திரி எனக்குச் சோறு கூடப் போடலடா. அவ பேரை நீ அழிச்சே, பட்டினி கெடக்குறது நான்."

இப்படியாக என் நிலைமை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. அக்காவின் பெயர் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை என் அம்மா கொண்டுபோகும் வெற்றிலைத் தட்டை அக்கா வாங்க மாட்டார். தங்கையின் பெயர் இல்லாவிட்டால் அவர் வாங்கியும் பிரயோசனம் இல்லை. பலகையோ ஒன்றுதான்.

தவுக்கேயிடம் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன், முழுக் கதையையும். நான் அவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. காப்பிக் கோப்பையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உண்மை எவ்வளோ நீளம்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நீளம், தவுக்கே."

"பலகை பெருசுதானே. எழுதுலா."

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம், அன்றைக்குத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். அவள் பெயருக்கு ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று துணிந்து, கடை திறக்கும் முன்பே எழுதி முடித்தேன். இட்லியை அழித்தேன், கிழங்கை அழித்தேன், விலையையும் அழித்தேன். பலகை முழுக்க இதுதான்:

நெத்திலிச் சம்பல்.
அனுப்பி வைப்பது: பம்பு வீட்டு அக்கா.
கொண்டு வருவது: லாரி அண்ணன்.
செய்வது: அக்காவின் உடன்பிறந்தவர். (இங்கே அவள் பெயர், முழுப் பெயர்.)
புளிக்காயைக் கீறி வெயிலில் வைப்பதும் அவருடைய யோசனையே.
இதுவரை தவறாக எழுதியிருந்தது. விற்பது மட்டும் நான்.

"ஹர்கா எங்கே?" என்று தவுக்கே கேட்டார். விலை எங்கே என்று. விலைக்கு இடமில்லை என்றேன். "பரவால்லே, சாப்பிட்டப் பெறகு சொல்லு" என்றார்.

சற்று நேரத்தில் தோட்டத்து லாரி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை லாரி வராது என்று நினைத்திருந்தேன். தீபாவளிச் சாமான் வாங்க நிர்வாகம் லாரி கொடுத்திருக்கிறது. பின்னால் பெண்கள் நின்றுகொண்டே வந்திருந்தார்கள், லயம் லயமாக, பாதித் தோட்டம். முதலில் குதித்தவர் அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பலகையை நோக்கி வந்தார். பின்னால் மற்றவர்கள். கடைசியில் அவள்.

நான் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். இலை தேடுவதுபோல.

அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அன்று உரக்கப் படித்தார்.

"அனுப்பி... வைப்பது... பம்பு வீட்டு அக்கா." திரும்பி எல்லாரையும் பார்த்தார். "நான்தான் மொதல்ல. கொண்டு வருவது... லாரி அண்ணன். ஏங்க, உங்க பேரும் வந்திருக்கு!" டிரைவர் அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "செய்வது..."

அங்கே நின்றார். படித்தார். மறுபடி மனதுக்குள் படித்தார். கிளார்க் ஐயா கரண்டியைப் பாதியில் நிறுத்தியிருந்தார். எனக்கு வெள்ளிக்கிழமை போய்விட்டது என்றே தோன்றியது.

"டேய், எந்திரிடா" என்றார் அக்கா.

எழுந்தேன்.

"மொளகா அரைக்கிறது யாரு?"

"தெரியலையே, அக்கா."

"நான்டா! கை எரிய எரிய அம்மியில அரைக்கிறது நானு! அவ செய்றா, சரி, செய்யட்டும், யாரு இல்லேன்னா. அரைச்சுக் குடுக்குறது யாரு? அதை ஏன்டா எழுதல?"

"அப்ப பிலிம்பிங் பறிக்கிறது?" என்றார் டிரைவர் அண்ணன். "எறும்புக் கடியெல்லாம் வாங்கிக்கிட்டு மரத்துல ஏறுறது யாரு? கொண்டு வர்றதை மட்டும் எழுதிட்டே?"

"மரம் எங்க வீட்டு மரம்லா!" என்று லாரிக் கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி குரல் கொடுத்தார்.

"பலகை என்னோடது" என்றார் தவுக்கே.

யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. எல்லாருக்கும் வந்தது. அக்காவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். கிளார்க் ஐயா மட்டும் எழுந்துபோய்ப் பலகையின் அருகில் நின்று, புளிக்காய் வரியை விரலால் தொட்டு, "கீறி வெயிலில் வைக்கிறதோ! அதுதான் சங்கதி!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். தன் பெயர் கடைத்தெருவில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்தாள். கோபப்படுவாளா, அழுவாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"எல்லாருக்கும் ஆள் இருக்கு. விற்பது மட்டும் நான்னு போட்டிருக்கு. இந்த நான் யாரு? அவருக்குப் பேர் இல்லையா?"

நான் ஒரு வாழையிலையை எடுத்துத் துடைத்தேன். அவள் என் காதைப் பார்த்தாள். கையை நீட்டி, அதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்தாள். பாதி ஈப்போவும் பாதித் தோட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்தாள். முந்தானை நுனியால் 'நான்' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதினாள். என் அப்பாவின் முதல் எழுத்தோடு.

கிளார்க் ஐயா இரண்டு பெயரையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தார். முதலில் அவள் பெயர், பிறகு என் பெயர்.

"இது சம்பல் மாதிரித் தெரியேல்லையே. கலியாண அழைப்பு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

"அடியே!" என்று அக்கா வாயில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கம்மாவ வெள்ளிக்கிழமை சீக்கிரமா வரச் சொல்லுடா. அதுக்கு முன்னால மொளகாவை எழுது."

பலகையில் இடம் இல்லை. மரச்சட்டத்தின் மேல் எழுதினேன், 'மிளகாய் அரைப்பது அக்கா' என்று. சட்டத்தின் இடப்பக்கம் புளிக்காய் பறிப்பவர், வலப்பக்கம் மரத்துக்காரர். கீழே, சின்ன எழுத்தில், பலகை தந்தவர். அன்று சோறு எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. யாரிடம் எவ்வளவு வாங்கினேன் என்றும் தெரியாது. தவுக்கேதான் கல்லாவைப் பார்த்துக்கொண்டார். நான் ஒரே இலையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேனாம்.

வெள்ளிக்கிழமை என் அம்மா தட்டோடு போனார். அக்கா வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டார். எண்பதுகள் பிறந்தபோது தவுக்கே கடையில் என் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டியும் நின்றது. அது அவளுடையது. டிரைவர் அண்ணன் எனக்குச் சகலை ஆனார். ஆன பிறகும் கடலையைத் தின்பதை அவர் நிறுத்தவில்லை. கிளார்க் ஐயாவின் மனைவிக்குச் சம்பல் கடைசியில் நன்றாகவே வந்தது. விருந்தாளிகளுக்கு வைக்கும்போது இது யாருடைய செய்முறை என்று முழு வரிசையையும் சொல்லித்தான் பரிமாறுவாராம். அதற்குள் சோறு ஆறிவிடுகிறது என்று ஐயா வந்து குறைப்பட்டுக்கொள்வார்.

இவ்வளவையும் எழுதி மகளிடம் கொடுத்தேன். அவள் தன் வலைப்பூவில் நன்றி என்று ஆரம்பித்து, அம்மா பெயர், பெரியம்மா பெயர், பெரியப்பா பெயர், தவுக்கே, மரத்துக்காரர் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். சம்பலைவிட நன்றி நீளமாகிவிட்டது. பிறகு நான் எழுதிய தாள்களைத் தன் அம்மாவிடம் கொடுத்தாள்.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். தகரக் கூரை வரும் இடத்தில், "காய் தலையில விழல, தோள்ல விழுந்துச்சு" என்றாள். கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டு, தாளைத் தட்டிக் காட்டினாள்.

"எழுதினது யாருன்னு இதுலயும் போடலையே. எல்லா எடத்துலயும் நான், நான், நான்னு இருக்கு" என்றாள். மகள் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தப் பேனாவைக் குடு."